கோக்காவில் விழுந்த கோடு

பட்டாளத்தில் சுட்டு முடித்த காலித் தோட்டாவுக்குக் கோக்கா என்று பேர். ஒரு பித்தளைக் கூடு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், துப்பாக்கியின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். ராணுவத்தில் பதினேழு வருஷம் எனக்கு அதுதான் வேலை. ஆர்மரர், அதாவது துப்பாக்கி ரிப்பேர்க்காரன். ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வந்து, இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். தோலைத் துண்டு துண்டாக வெட்டி, மெஷினில் இரண்டு பக்கமும் கவ்வவிட்டு இழுத்து, எவ்வளவு நீளுகிறது, எங்கே கிழிகிறது என்று எழுதி வைக்கிற வேலை.

ஆக, குறை கண்டுபிடிப்பதற்கென்றே இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியவன் நான். அது ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வாள். "லேபை லேப்லயே பூட்டிட்டு வாங்க, சாம்பார்ல எல்லாம் டெஸ்டிங் வாணாம்" என்பாள். நான் தப்பே செய்ய மாட்டேன் என்று வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன், அது உண்மை.

எனக்கு ஒரு தோஸ்த் உண்டு. திமிரி பக்கத்துக்காரன். ஒரே யூனிட்டில் பன்னிரண்டு வருஷம் ஒன்றாகத் தின்று ஒன்றாகத் திட்டு வாங்கினவர்கள். இப்போது ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறான். ரிட்டயர் ஆனதும் லைசென்ஸ் எடுத்து சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கினான். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் கன்மேன் வேலை, இல்லாவிட்டால் வெறும் செக்யூரிட்டி. வேலூரில் ஒரு நகைக்கடை வாசலில் ஏழு வருஷமாக அவன் கன்மேன். காலையில் பஸ் ஏறிப் போய், கடை திறக்கிறதிலிருந்து மூடுகிற வரைக்கும் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பான். "வயசு அம்பது தாண்டிடுச்சு, இன்னும் தோள்ல துப்பாக்கி இருக்குதுடா" என்பான் அடிக்கடி. அவனுடைய மானம் மரியாதை எல்லாம் அந்தத் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மலையடிவாரத்தில் எங்களைப் போல சில பேர் சேர்ந்து ஒரு சின்ன ரைபிள் கிளப் நடத்துகிறோம். அதற்குச் செக்ரட்டரி ஒரு பாய். தோல் பதனிடுகிற டேனரி ஒன்றின் முதலாளி, மலை ஓரமாக ஒரு மாந்தோப்பும் இருக்கிறது. அவரிடமும் ஒரு ரைபிள். தோஸ்த்துடையதும் பாயுடையதும் ஒரே மாடல், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். நகைக்கடைக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தத் துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று கிளப்பிலிருந்து ஒரு சீட்டு கேட்பார். ஆர்மரர் என்ற முறையில் அதில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். இந்தத் தடவையும் வந்தது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் துப்பாக்கியோடு கிளப்புக்கு வந்தார்கள். நான்தான் சும்மா இருக்காமல், "போல்ட்டைக் கழட்டித் தனியா கட்டிக் குடுத்துடலாம், துரு ஏறாது" என்றேன். தோட்டாவுக்குப் பின்னால் கதவு மாதிரி மூடுகிற இரும்புத் தண்டுதான் போல்ட். யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு போல்ட்டையும் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, லேபில் டெஸ்ட் முடிந்து மிஞ்சிய தோல் துண்டில் சுற்றிக் கட்டினேன். தோஸ்த்துடையதற்குச் சாயம் ஏற்றாத வெளுப்புத் தோல். பாயுடையதற்குப் பாலிஷ் போட்ட பிரவுன் தோல்.

"பேர் எழுதிக் கட்டிடலாமா ஹவில்தார்?" என்றார் பாய்.

"எதுக்கு பாய்? வெளுப்பு இவனது, பிரவுன் உங்களது. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மூன்று பேருமாகப் போய் வாங்கி வந்தோம். கிளப்பில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். இரண்டில் வெளுப்பாக இருந்ததை எடுத்து அவிழ்த்து தோஸ்த் ரைபிளில் மாட்டினேன். மற்றதை பாய் ரைபிளில் மாட்டினேன். இரண்டும் உள்ளே போனது. டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அதே வாரம் பாய் போன் பண்ணினார். "ஹவில்தார், இன்னா இது, போல்ட் மூடறதுக்கே ஜாஸ்தி பேஜாரா இருக்குது. முன்ன மாதிரி இல்ல."

"ரெண்டு மாசம் சும்மா கெடந்ததில்ல பாய், எண்ணெய் கெட்டியாயிருக்கும். நாலு தடவை மூடித் தெறங்க, சரியாயிடும்" என்றேன். அவர் வெடி வைக்கிற ஆளில்லை. தோப்பில் பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டாலே அதிகம். சரி என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தோஸ்த், கிளப்பில் சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்கு வந்தான். சீட்டுக்காக வருஷத்துக்கு ஐந்து ரவுண்டு சுட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். படுத்துக்கொண்டு ஐந்தும் சுட்டான். குறி எல்லாம் பிரமாதம், கை இன்னும் நடுங்கவில்லை. ஐந்தாவது சுட்டதும் கண்ணைக் கசக்கினான். "ஏதோ புகை மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்திச்சுடா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து ஐந்து கோக்காவையும் பொறுக்கினேன்.

முதல் நாலிலும் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் ஒரு பளபளப்பான கோடு. நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஐந்தாவதில் அந்தக் கோடு அரைவட்டத்துக்கு விரிசலே விட்டிருந்தது. சைக்கிள் கம்பி ஒன்றின் முனையை வளைத்து, கூட்டின் உள்பக்கம் விட்டு மெதுவாக மேலே இழுத்தேன். கோடு இருக்கிற இடத்தில் உள்ளே ஒரு பள்ளம், கம்பி தடுக்கி நின்றது. பித்தளை அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். தோட்டா உள்ளே உட்கார்ந்ததும் அதன் முதுகுக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் ஒரு துளி இடம் இருக்கும். அதற்கு ஹெட் ஸ்பேஸ் என்று பேர். ஒரு காகித கனம் இருக்கலாம், தப்பில்லை. அந்த இடமே இல்லாவிட்டால் போல்ட் மூடாது. ஜாஸ்தியானால் வில்லங்கம். மருந்து வெடிக்கும்போது தோட்டாவின் முன்பாதி உப்பி, குழாயின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பின்பாதி மட்டும் காலி இடத்தைப் பார்த்துப் பின்னால் ஓடும். ஒரு பாதி நிற்க, ஒரு பாதி ஓட, நடுவில் பித்தளை இழுபடும். தோலை இழுத்தால் பரவலாக மெலிந்து, நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பித்தளைக்கு அந்தக் கருணை கிடையாது, ஒரே கோட்டில் மெலிந்து அங்கேயே அறுந்துவிடும். அறுந்தால் சூடான புகை பின்பக்கமாகப் பீறிட்டு வரும், அங்கே இருப்பது சுடுகிறவனின் முகம். ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு அப்படி ஆகி, இமை கருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கண் தப்பியது அவனைப் பெற்றவள் செய்த புண்ணியம்.

கிளப்பில் மருந்து எடுத்த டம்மித் தோட்டா ஒன்று உண்டு. அதன் முதுகில் செலோ டேப்பை வட்டமாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, அவன் ரைபிளில் போட்டு போல்ட்டை மூடிப் பார்த்தேன். ஒரு டேப், மூடியது. மூன்று டேப், மூடியது. ஐந்து டேப் ஒட்டியும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி மூடியது. நல்ல துப்பாக்கியில் இரண்டு டேப்பிலேயே முரண்டு பிடிக்கும்.

"ஹெட் ஸ்பேஸ் போயிடுச்சுடா. துப்பாக்கி தேஞ்சுபோச்சு" என்றேன்.

"தேஞ்சுபோச்சா? ஏழு வருஷத்துல மொத்தமா அம்பது ரவுண்டு கூட சுட்டிருக்க மாட்டேன். எப்படிடா தேயும்?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். "இரும்பு சரியில்லாம இருந்திருக்கும். இதுல சுடக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

அவன் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "சுடப் போறவன் யாருடா? சும்மா தோள்ல மாட்டிக்கினு நிக்கறேன். ஏழு வருஷமா கடை வாசல்ல ஒரு ரவுண்டு சுட்டிருக்கேனா? நீ கையெழுத்து மட்டும் போடு. இதுவும் போயிட்டா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்கடா."

"ஒருநாள் சுட வேண்டி வந்தா?"

"வந்தா பாத்துக்கறேன்."

"உன் கண்ணு போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கு வேலை போச்சுன்னா இன்னா பதில் சொல்வே, அத்த சொல்லு மொதல்ல."

நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்குள் ஒரு மிதப்பும் இருந்தது, மறைப்பானேன். சிநேகிதன் என்று பார்க்காமல் நியாயத்தின் பக்கம் நின்றுவிட்டேன் என்று அன்றைக்குச் சாப்பாடு கூட நன்றாக இறங்கியது. என் வீட்டுக்காரி மட்டும், "நல்லா பாத்தீங்களா? அவரு பொழப்பாச்சே" என்றாள். "பதினேழு வருஷம் இதைத்தானே பாத்தேன்" என்று அவள் வாயை அடைத்தேன்.

சீட்டு இல்லாததால் நகைக்கடையில் அவனைக் கன்மேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலாளி நல்ல மனுஷன்தான், வெளியே அனுப்பவில்லை. கையில் ஒரு விசிலைக் கொடுத்து, கடைக்கு முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிற்கவைத்தார். அவன் நின்ற வாசலில் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேறு ஒருத்தன் துப்பாக்கியோடு வந்து நின்றான். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தபோது பார்த்தேன். ஸ்கூட்டரை எங்கேயோ நிறுத்திய ஒரு சின்னப் பெண்ணிடம், "ஓரமா வைம்மா, ஓரமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வராத வண்டிக்கு விசில் ஊதினான்.

அதற்கப்புறம் ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரே வந்தால் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்குக் கோபம் கூட வந்தது. இவன் கண்ணைக் காப்பாற்றியவன் நான், இவன் என்னடா என்றால் முறுக்கிக்கொண்டு திரிகிறானே என்று.

போன மாதம் பாய் தன் ரைபிளை கிளப்புக்கு எடுத்து வந்தார். "ஹவில்தார், நாலு தடவை இல்ல, நாப்பது தடவை மூடித் தெறந்துட்டேன். இன்னும் மல்லுக்கட்டுது. நீங்களே பாருங்க." டம்மித் தோட்டாவைப் போட்டு மூடினேன். டேப் எதுவும் இல்லாமலே போல்ட் முரண்டு பிடித்தது. கையால் நன்றாக அழுத்தினால்தான் இறங்கியது. இடமே இல்லை. ஒரு ரைபிளில் இடம் ஜாஸ்தி, அதே மாடல் இன்னொரு ரைபிளில் இடம் கம்மி. இரண்டும் ஒரே வாரத்தில் ஆரம்பித்த புகார்.

சட்டென்று போல்ட்டைத் திருப்பி, கைப்பிடியின் பின்பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் துப்பாக்கியின் நம்பர் வெட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே அளவு பார்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் ஆர்மரர் முதலில் பார்க்கிறது அந்த இரண்டு நம்பரும் ஒன்றா என்றுதான். எங்களுக்கு முதல் நாள் முதல் பாடம் அது.

போல்ட்டில் இருந்தது பாயுடைய நம்பர் இல்லை. தோஸ்த்துடையது.

எப்படி மாறியது என்று யோசித்தபோது விடை லேபிலிருந்தே வந்தது, அதுதான் கேவலம். சாயம் ஏற்றாத வெளுப்புத் தோல் எண்ணெயைக் குடித்தால் கறுத்துப்போகும். பாலிஷ் போட்ட தோல் எண்ணெயைக் குடிக்காது, நிறம் அப்படியே நிற்கும். இது இந்த ஊரில் தோல் வாசனை பட்டவன் எவனுக்கும் தெரியும். நான் தினம் தினம் பார்க்கிறேன். இரண்டு மாதம் எண்ணெயில் ஊறிய வெளுப்புத் துண்டு, பக்கத்தில் இருந்த பிரவுனை விடக் கறுத்துப்போயிருக்கிறது. அந்த இரண்டில் எது வெளுப்பு என்று பார்த்து எடுத்தேன். பிரவுனை எடுத்திருக்கிறேன். பாயுடைய போல்ட்டை தோஸ்த் ரைபிளில் போட்டேன். சுட்டுக் காட்டிய அன்றைக்கு டேப் ஒட்டி ஒட்டி அத்தனை தடவை மூடித் திறந்தேனே, அந்த நம்பர் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. மாட்டியது நான் என்பதால் பார்க்கத் தோன்றவில்லை.

பாயிடம் அங்கேயே சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "என்னை விடுங்க ஹவில்தார். என் துப்பாக்கி தோப்புல கெடக்குது. மொதல்ல அவர்கிட்ட போங்க" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் சந்தோஷமும்தான். போல்ட்டை மாற்றிப் போட்டால் அவன் ரைபிள் புதுசு மாதிரி. நானே கையெழுத்துப் போட்டு, நானே முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று காலில் விழாத குறையாகச் சொல்லி, அவனை மறுபடி வாசலில் நிறுத்திவிடலாம். திட்டட்டும், நாலு அறை அறையட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியிருந்தது. பைக்குகளுக்கு நடுவில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வெளுப்புத் தோல், பிரவுன் தோல், போல்ட், நம்பர், என் கட்டைவிரல் எல்லாம். "உன் துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்லடா. வீட்லதானே இருக்குது? சாயந்தரம் எடுத்துக்கினு வா, நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்றேன்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"வீட்ல இல்ல. சரண்டர் பண்ணிட்டேன்."

"இன்னாடா சொல்றே? எப்போ?"

"நாலு மாசம் ஆவுது. லைசென்ஸையும் எழுதிக் குடுத்துட்டேன். கலவை ஊர்க்காரன் ஒருத்தன் வந்து விலைக்குக் கேட்டான், நல்ல துப்பாக்கின்னு. நான்தான் குடுக்கல. சுட்டா மூஞ்சில அடிக்கும்னு நீ சொன்னியே. அடுத்தவன் கண்ணு போயிட்டா பாவம்டா, யாருக்கும் வேணாம், உடைச்சுப் போடுங்கன்னு குடுத்துட்டு வந்துட்டேன்."

ஒரு வண்டி வந்து நின்றது. அதை வரிசையில் விட்டு, ஸ்டாண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவன் திரும்பி வந்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"நீ அன்னிக்குக் கையெழுத்துப் போடாதது சரிதான்டா. அந்த போல்ட்டோட இன்னும் ரெண்டு ரவுண்டு சுட்டிருந்தா என் மூஞ்சி போயிருக்கும். அதுல உன் மேல கோவம் இல்ல" என்றான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "ஆனா அந்த நம்பர் எங்க இருக்குதுன்னு எனக்கும் தெரியும். நானும் பட்டாளத்துக்காரன்தானே? தினமும் தொடைச்சேன். ஒருநாளும் திருப்பிப் பாக்கல. ஏன் தெரியுமா?"

"ஏன்டா?" என்றேன்.

"நீ மாட்டிக் குடுத்ததாச்சேன்னுதான்."